இராமநாதன் கிருஷ்ணன் மறுத்த பொருள்



விளையாட்டைத் தொழிலாகக் கொள்ளலாமா என்னும் கேள்வி தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் இல்லங்களில் அடிக்கடி எழுகின்றது. பிள்ளை டென்னிஸ் மட்டையைக் கையில் எடுத்தால், "இது சோறு போடுமா?" என்கின்றோம். அவ்வாறு கேட்பதில் இழுக்கில்லை. சோற்றைத் தேடித்தானே சொந்த ஊரை விட்டு நாமும் இம்மாநகருக்கு வந்து சேர்ந்தோம்! ஆனால், சோறு போடும் ஆட்டத்தை இழிவாகக் கருதிய ஒரு காலமும் இருந்தது.

நாகர்கோவிலில் 1937ஆம் ஆண்டில் பிறந்தவர் கிருஷ்ணன். தந்தையார் டி. கே. இராமநாதனே அவருக்கு ஆசான். 1954இல் விம்பிள்டனில் சிறுவர் பட்டத்தை வென்றார்; ஆசியர் எவரும் அதற்குமுன் அதனை வென்றதில்லை. வலிமையால் அடித்து வீழ்த்தும் ஆட்டம் அன்று அவருடையது. பந்தை மென்மையாகத் தொட்டு, எதிராளி நில்லாத இடம் பார்த்து அனுப்பும் நயமே அவர் செல்வம்.

1959இல் அமெரிக்கரான ஜாக் கிரேமர் தம் தொழில்முறைக் குழுவில் சேருமாறு அவரை அழைத்தார். மூன்று ஆண்டுகளுக்கு 1,50,000 டாலர்! ஆயினும் அன்றைய விதி கொடியது. ஊதியம் பெற்று ஆடுவோர்க்கு விம்பிள்டன் வாயில் அடைக்கப்படும். நாட்டின் சார்பில் டேவிஸ் கோப்பையிலும் ஆட இயலாது. கிருஷ்ணன் அப்பொருளை வேண்டாம் என்றார்.

மறுத்ததனால் அவர் பெற்றவை சில. 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதியை எட்டினார். 1966இல் கல்கத்தாவில் பிரேசிலின் தாமஸ் காக்கை எதிர்த்து ஆடியதை முதியோர் இன்றும் சொல்லி மகிழ்வர். இரு நாடுகளும் ஆளுக்கு இரண்டு ஆட்டங்கள் வென்றிருந்த நிலை. காக் இரண்டு செட்டுகளை வென்று, நான்காம் செட்டில் 5-2 என முந்தி நின்றார். அங்கிருந்து மீண்டு கிருஷ்ணன் வென்றார். இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றுக்குச் சென்றது.

இதனை நாம் தியாகம் என்று போற்றுகின்றோம், போற்றுவது முறையே. எனினும் அவரை அவ்வாறு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைத்த விதி நேர்மையானதன்று. 1961இல் அவரை வென்ற ராட் லேவர், 1962இன் இறுதியில் தொழில்முறை ஆட்டக்காரரானார். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரருள் ஒருவர் ஐந்து ஆண்டுகள் விம்பிள்டனுக்கு வெளியே நின்றார். கூலி பெறுதல் குற்றமாம்! மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நமக்கு இந்த ஏற்றத்தாழ்வு விளங்குவதில்லை. உழைப்புக்கு ஊதியம் வேண்டாம் என்று சொல்ல, வீட்டில் முன்பே செல்வம் இருத்தல் வேண்டும் அல்லவா? கிருஷ்ணனும் பின்னாளில் சென்னையில் எரிவாயு விநியோக முகமை நடத்தினார்.

1968இல் விம்பிள்டன் வாயில் அனைவர்க்கும் திறந்தது. லேவர் மீண்டு வந்து அவ்வாண்டே வென்றார். 1973இல் டேவிஸ் கோப்பையும் வழிவிட்டது.

கிருஷ்ணனின் மகன் ரமேஷ் 1979இல், தந்தை வென்ற அதே சிறுவர் பட்டத்தை வென்றார். பின்னர்த் தொழில்முறை ஆட்டக்காரராகவே உலகெங்கும் ஆடினார். 1987இல் சிட்னியில் ஆஸ்திரேலியாவை வென்று இந்தியா டேவிஸ் கோப்பை இறுதியாட்டத்திற்குச் சென்றபோது, ஒற்றையர் ஆட்டங்கள் இரண்டினையும் வென்று கொடுத்தவர் அவரே. பொருளா, நாடா என்று அவரை எவரும் கேட்கவில்லை.