ஒருவருக்குத் தெரிந்தது ஊருக்கே உதவட்டும்

பிள்ளைகள் எந்நேரமும் கணினி விளையாட்டிலேயே மூழ்கிக் கிடக்கிறார்கள் என்பது பெற்றோரின் குறை. ஆனால் விளையாடுவது வேறு, விளையாட்டுக் களத்தை உருவாக்குவது வேறு.

2002-இல் வெளிவந்த 'வார்கிராஃப்ட் 3' விளையாட்டோடு 'வேர்ல்டு எடிட்டர்' என்ற கருவியும் வந்தது. மலை, ஆறு, காடு, பாதை அனைத்தையும் அதில் நாமே அமைக்கலாம். ரசிகர்கள் அதில் உருவாக்கிய களம்தான் 'டோட்டா'. அதன் வழிவந்த 'டோட்டா 2' உலகப் போட்டியில், 2013-இல் மலேசியாவின் ஆரஞ்சு குழு மூன்றாம் இடம் பெற்றது.

இந்தக் கருவிக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. கோலசிலாங்கூர், உலு சிலாங்கூர் தோட்டப் பிள்ளைகளுக்கு அதனால் என்ன? விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பழைய கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. புதியது வாங்க வசதியில்லாத வீட்டில், இலவசமான லினக்ஸ்தான் அந்தக் கணினிக்கு மறுவாழ்வு.

அங்கே கைகொடுப்பது 1993-இல் தொடங்கிய 'ஒயின்' மென்பொருள். விண்டோஸ் செயலி கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லும் மொழிபெயர்ப்பாளர் அது. ஆனால் ஒயினை நிறுவ வேண்டும்; கருவிக்கெனத் தனிக் கோப்புறை அமைக்க வேண்டும்; விடுபட்ட துணைக் கோப்புகளை 'ஒயின்ட்ரிக்ஸ்' மூலம் சேர்க்க வேண்டும்; திரை அமைப்பைச் சரிசெய்ய வேண்டும். ஒரு படி தவறினாலும் கருவி திறக்காமல் போகலாம்.

ஒரு தோட்டத்தில் இதை அறிந்த இளைஞர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாரும் அவரைத்தான் தேடுவார்கள். அவர் வேலைக்காகக் கோலாலம்பூர் போய்விட்டால்? அவரோடு அந்த அறிவும் பஸ் ஏறிவிடும்.

இதற்கு வழி, அத்தனை படிகளையும் வரிசையாக ஒரே கோப்பில் எழுதி வைப்பது. இதை 'ஸ்கிரிப்ட்' என்பார்கள். காலைப் பெரட்டில் இன்னார் இன்ன நிரைக்குப் போகவேண்டும் என்று சொல்வதைப் போல, கணினிக்கு ஒவ்வொரு வேலையாக அது சொல்லும். ஒருமுறை எழுதினால், பத்து வீட்டுக் கணினிகளிலும் அதையே ஓட்டலாம்.

சில எச்சரிக்கைகள் உண்டு. எந்த ஒயின் பதிப்பில் கருவி ஓடியது என்பதைக் கோப்பிலேயே குறிக்க வேண்டும். பதிப்பு மாறினால் பிசகலாம். ஒவ்வொரு படியும் எதற்கு என்று தமிழில் ஒரு வரி எழுத வேண்டும். முன்பின் அறியாதவர் தந்த ஸ்கிரிப்டைப் படித்துப் பார்க்காமல் ஓட்டக் கூடாது. விளையாட்டை முறையாக வாங்கியிருக்க வேண்டும்.

நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் உருவானது பெஸ்தாரி ஜெயா அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில். பால்மரக் காடும் லயன் வீடுகளும் கோயிலும் பெரியவர்களின் நினைவில் இருக்கின்றன. தாத்தா வழி சொல்லச் சொல்ல, பேரன் அந்தத் தோட்டத்தையே களமாக அமைக்கலாம். மண்ணில் மறைந்த ஒற்றையடிப் பாதை திரையிலாவது நிலைக்கும்.

தோட்டத்து இளைஞர்களே, தெரிந்ததைத் தலையில் மட்டும் வைத்திருக்காதீர்கள். எழுதி வையுங்கள், அடுத்த வீட்டுத் தம்பி, தங்கைக்கும் கொடுங்கள்.