அடகுச் சீட்டை யாரும் கேட்கவில்லை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். வீட்டு வேலை, இரண்டு பிள்ளைகள், நாலு ஆடு, பூ சீசனில் மல்லிகை பறிக்கப் போவது, இதுதான் என் பிழைப்பு. மேடையில் பேசுவது இதுதான் முதல் தடவை. ஆனால் கேமரா முன்னால் ஒரு தடவை பேசியிருக்கேன். அன்னிக்கு என்ன பேசினேன், அதனால் என்ன ஆச்சு என்று சொல்லத்தான் இங்கே வந்து நிக்கிறேன். எங்க மதினிகிட்ட போன் போட்டுக் கேட்ட பிறகுதான் பேசுறேன். "பேரும் ஊரும் சொல்லாதே, மத்ததைச் சொல்லு" என்றார்கள்.

குடும்பச் சண்டையை டிவியில் உட்காரவைத்துப் பேசுவது நமக்குப் புதுசு இல்லை. விஜய் டிவியில் நடிகை லட்சுமி நடத்திய 'கதையல்ல நிஜம்' வந்தது. 2011-ல் ஜீ தமிழில் 'சொல்வதெல்லாம் உண்மை' தொடங்கியது. லட்சுமி ராமகிருஷ்ணன் அம்மா அதை ரொம்ப நாள் நடத்தினார்கள். சன் டிவியில் குஷ்பு 'நிஜங்கள்' நடத்தினார்கள். நாம எல்லோரும் பார்த்தோம். அந்த நிகழ்ச்சிகளில் வந்த பேச்சு காமெடியாச்சு, சினிமாப் பாட்டாச்சு. அங்கே அழுதவளுக்கு அது வயித்தெரிச்சல், வீட்டில் பார்த்த நமக்கு அது சிரிப்பு. எங்க குடும்பம் போனது நான் இப்போ சொன்ன எதுவும் இல்லை, வேற ஒரு நிகழ்ச்சி. அதன் பேர் வேண்டாம். குறை சொல்ல வரலை, என் தப்பைச் சொல்ல வந்திருக்கேன்.

எங்க அண்ணன் பூ மூட்டை ஏத்த குட்டியானை வண்டி வாங்கினார். முன்பணத்துக்கு மதினியோட அஞ்சு பவுன் அடகுக் கடைக்குப் போச்சு. மூணு சீட்டு, மொத்தம் 85,000 ரூபாய். அது பத்தாது என்று மதினி அவங்க குழுவில் 50,000 கடன் எடுத்துக் கொடுத்தார்கள். மழை இல்லாமல் பூ வரத்துக் குறைஞ்சது, மூணு தவணை நின்னது, வண்டியை பைனான்ஸ்காரங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க. வண்டிதான் போச்சு, கடன் அப்படியே நின்னது. குழுக் கடன் மதினி பேரில். நூறு நாள் வேலைக்கும் களை வெட்டவும் போய் அவங்கதான் கட்டினாங்க.

வீட்டில் சண்டை எப்படித் தொடங்கும் என்று உங்களுக்குத் தெரியும். "என் நகை எங்கே?" என்று மதினி கேப்பாங்க. அண்ணன்கிட்ட பதில் இல்லை. பதில் இல்லாத ஆம்பளை என்ன செய்வார்? "நீ யாரோட போன்ல பேசுற?" என்று திருப்பிக் கேட்பார். அப்படித்தான் நகைச் சண்டை நடத்தைச் சண்டையா மாறிச்சு. ஊர்ப் பஞ்சாயத்தும் சரிப்படலை. 2017-ல் மதினி அந்த நிகழ்ச்சிக்குப் போன் பண்ணிட்டாங்க.

அவங்களே பஸ்ஸுக்குக் காசு கொடுத்துச் சென்னைக்குக் கூப்பிட்டாங்க. அண்ணன், மதினி, சாட்சி சொல்ல நான். மதினியை ஒரு ரூமில், எங்களை ஒரு ரூமில் உட்காரவைச்சாங்க. முகத்துக்குப் பவுடர் போட்டுவிட்ட பிள்ளை, "அழுகை வந்தா அடக்காதீங்கக்கா" என்றது. லைட்டைப் பார்த்ததும் எனக்குக் கண்ணு கூசிச்சு. மதினி மடியில் ஒரு மஞ்சப்பை. அதில் அடகுச் சீட்டு எல்லாம் இருந்தது. கேட்டால் காட்டலாம் என்று எடுத்துட்டு வந்திருக்காங்க. மூணு மணி நேரம் பேசினோம். "யார்கூட பேசினே, எத்தனை மணிக்குப் பேசினே" என்று கேட்டாங்க. அடிச்சாரா என்று கேட்டாங்க. அந்தச் சீட்டை யாரும் கேட்கவில்லை. மதினி அந்தப் பையைப் பிடிச்ச பிடி விடாமலே உட்கார்ந்திருந்தாங்க.

என் முறை வந்தது. "எங்க அண்ணன் தங்கமானவர். இவங்க போனை வச்சுக்கிட்டுச் சுத்துறதாலதான் குடும்பம் கெட்டுச்சு" என்று சொல்லிட்டேன். யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லலை. நானேதான் சொன்னேன். அண்ணன் பக்கம் பேசுறது தங்கச்சி கடமை என்று நினைச்சேன். மூணு மணி நேரத்தில் முக்கால் மணி நேரம்தான் டிவியில் வந்தது. அதில் நான் சொன்னது முழுசா வந்தது.

ஒரு வாரம் எங்க ஊரில் அண்ணனுக்குப் பெருமை. அப்புறம் அவரையும் கேலி பண்ணினாங்க. அண்ணன் மகள் அப்போ ஒம்பதாவது. பள்ளிக்கூடத்துப் பையன்கள் செல்போனில் அந்த வீடியோவை ஓடவிட்டு, "உங்க அத்தை என்ன சொல்றாங்க பாரு" என்று காட்டியிருக்காங்க. அத்தைன்னா நான்தான். பிள்ளை ஒரு மாசம் பள்ளிக்கூடம் போகலை. மதினி அவளைக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போய் அங்கேயே பள்ளிக்கூடம் மாத்திட்டாங்க. நகையில் ஒரு குண்டுமணிகூட திரும்பலை. குழுக் கடனில் 18,000 பாக்கி அப்படியே இருந்தது. நாடே பார்த்த பஞ்சாயத்தில் ஒரு ரூபாய் கணக்கு தீரலை.

அடுத்த வருஷம் எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. மதினியோட அம்மா ஊர்க் குழுப் பிரதிநிதி அவங்களை வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. கோர்ட்டு வளாகத்திலேயே ஒரு சின்ன ரூம். ஒரு வக்கீலம்மா, ஒரு மேசை, நாலு நாற்காலி. நாங்க உள்ளே போனதும் கதவைச் சாத்திட்டாங்க. எனக்குப் பயமா இருந்தது. அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான்: "நகை அடகு வச்ச சீட்டு இருக்காம்மா?"

மதினி அதே மஞ்சப்பையை எடுத்தாங்க. மேசையில் நாலு சீட்டு. வக்கீலம்மா ஒரு தாளில் கோடு போட்டு, தேதி, எடை, ரூபாய், எதற்காக என்று எழுத ஆரம்பிச்சாங்க. மூணு சீட்டு வண்டிக்கு. நாலாவது சீட்டு 2017 ஜனவரி. ரெண்டு பவுன் சங்கிலி, 34,000 ரூபாய். "இது எதுக்கு வச்சீங்க?" மதினி சொன்னாங்க, "அவர்கிட்ட கேளுங்கம்மா." அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

2017 ஜனவரியில்தான் எனக்கு ரெண்டாவது பிரசவம். ஆபரேஷன் ஆச்சு. அண்ணன் பணம் கொண்டுவந்து கட்டினார். எங்கிருந்து வந்தது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அண்ணன் கொடுத்தார், வாங்கிக்கிட்டேன். யார் கழுத்திலிருந்து வந்தது என்று கேட்கத் தோணலை. "எனக்குத்தாம்மா" என்று நான்தான் சொன்னேன்.

வெளியே வேப்ப மரத்தடியில் மதினிகிட்ட கேட்டேன், "இதை ஏன் மதினி டிவியில சொல்லலை? சொல்லியிருந்தா உங்க பக்கம் நியாயம் நின்னிருக்குமே." மதினி என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாங்க: "உன் மாமியா பாப்பாகன்னுதான்." நான் எந்த நாற்காலியில் உட்கார்ந்து அவங்களைப் பேசினேனோ, அதுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவங்க என்னைக் காப்பாத்தியிருக்காங்க.

மூணு தடவை உட்கார்ந்து பேசினோம். கடைசியில் மக்கள் நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டோம். அஞ்சு பவுனை அண்ணன் தவணையில் மீட்டுத் தரணும், குழுக் கடன் பாக்கி 18,000 அவரே கட்டணும், ரெண்டு பவுன் என் பொறுப்பு. வட்டி நூத்துக்கு ரெண்டு. மாசம் 680 ரூபாய், 18 மாசத்துக்கு 12,240. முதலோடு சேர்த்து 46,240. நம்ம குழுவில் 40,000 உள்கடன் கேட்டேன். எதுக்கு என்று கேட்டாங்க. மறைக்காமல் சொன்னேன். தீர்மான நோட்டில் "மதினி நகை மீட்க" என்று எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாங்க. மீதிக்கு ஒரு கிடாவை வித்தேன். சங்கிலியைக் கொண்டுபோய் மதினி கையில் கொடுத்தேன். கடனை மாசம் 2,000 வீதம் 20 மாசத்தில் வட்டியோடு கட்டி முடிச்சேன்.

எல்லாம் சரியாப் போச்சு என்று சொல்ல மாட்டேன். அண்ணனும் மதினியும் தனித்தனியாத்தான் இருக்காங்க. இன்னும் ஒரு பவுன் வரவேண்டியிருக்கு. மதினி என்னோடு பேசுறாங்க, பழைய மாதிரி இல்லை. அந்த வீடியோ இன்னும் செல்போனில் கிடைக்குது. மருமகளுக்குக் கல்யாணம் பேசும்போது யாராவது எடுத்துப் பார்ப்பாங்களோ என்று இப்பவும் எனக்கு வயித்தைக் கலக்குது. அடகு வச்ச நகையை மீட்டுடலாம், கேமரா முன்னால் விட்ட வார்த்தைக்கு மீட்பே இல்லை.

அக்காமாரே, அந்த வக்கீலம்மாகிட்ட நான் தெரிஞ்சுக்கிட்டதை உங்களுக்கும் சொல்றேன். 1984-ல் வந்த குடும்ப நீதிமன்றச் சட்டப்படி, புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரில் ஒருத்தர் கேட்டாலே போதும், விசாரணையைக் கதவைச் சாத்தித்தான் நடத்தணும். 2005-ஆம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டத்திலும் அப்படி நடத்த இடம் இருக்கு. நாட்டுச் சட்டமே நம்ம வீட்டுச் சண்டைக்குக் கதவைச் சாத்தச் சொல்லுது. நாம அதைத் திறந்து லைட்டுப் போட்டுக் காட்டினோம். 2018-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை 'சொல்வதெல்லாம் உண்மை' நிகழ்ச்சிக்கே இடைக்காலத் தடை போட்டது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

1987-ஆம் வருஷச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வக்கீல் இலவசம். வருமானம் எவ்வளவு என்று பார்க்கிறதில்லை. மக்கள் நீதிமன்றத்துக்குக் கட்டணம் இல்லை, அங்கே போட்ட கையெழுத்து கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம். போன் நம்பர் 15100. அடி உதை என்றால் 181. நமக்குப் போட்ட நகை நம்ம சொத்துதான் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிடுச்சு.

நம்ம குழுவில் பஞ்ச சூத்திரம் என்று படிக்கிறோம். கூட்டம், சேமிப்பு, உள்கடன், கடன் திருப்பம், கணக்குப் புத்தகம். குழுவில் பத்து ரூபாய் குறைஞ்சாலும் பேரேட்டைப் புரட்டிக் கேக்கிறோம். வீட்டில் அஞ்சு பவுன் போனாலும் எழுதி வைக்கிறதில்லை. "புருஷன்தானே, அண்ணன்தானே" என்று விட்டுடுறோம். எழுதாத கணக்குதான் நாளைக்கு நடத்தைச் சண்டையா வருது. குழுக் கடன் எடுத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்தால் தேதி போட்டு நோட்டில் எழுதுங்க. அடகுச் சீட்டுக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைங்க. அண்ணன் தம்பி பணம் கொடுத்தால், "மதினிக்குத் தெரியுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்க. நான் கேட்டிருந்தால் எங்க கதை இப்படி ஆகியிருக்காது.

எங்க குழுவில் போன வருஷம் ஒரு தீர்மானம் போட்டோம். யார் வீட்டுச் சண்டை வீடியோ வந்தாலும் நாங்க பார்க்கிறதில்லை, அடுத்தவருக்கு அனுப்புறதில்லை. உறுப்பினர் வீட்டில் பிரச்சினை என்றால் ரெண்டு பேர் துணைக்குப் போய்ச் சட்டப் பணிகள் குழுவில் விடணும். இதுவரை ரெண்டு வீட்டுக்குப் போயிருக்கோம். அவங்க பேரையும் சொல்ல மாட்டேன். போகும்போது நாங்க ஞாபகப்படுத்துறது ஒண்ணே ஒண்ணுதான்: "சீட்டெல்லாம் எடுத்துக்கிட்டியா?"

 இந்தப் புத்தகம் மதினி கைக்குப் போனால், டிவியில் சொல்லாத ஒண்ணை இதில் எழுத்தில் சொல்லிடுறேன். மதினி, தப்பு என்னோடதுதான்.