பெங்களூரில் கார் வாங்குதல்: எதை முதலில் பார்ப்பது?

நடுத்தரக் குடும்பங்களுக்கு வீட்டுக்கு அடுத்த பெரிய செலவு கார். எந்தக் கார் நல்ல கார் என்ற கேள்வியோடு தொடங்குபவருக்கு எளிதில் விடை கிடைப்பதில்லை. ஒவ்வொரு ஷோரூமும் ஒரு விடை வைத்திருக்கும், ஒவ்வொரு நண்பரும் வேறொன்று சொல்வார். வாங்கப்போகும் கார் எந்தச் சாலையில், எத்தனை பேருடன், மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்ற கணக்கோடு தொடங்கினால், பட்டியலில் உள்ள பல மாடல்கள் தாமாகவே விலகிவிடும். பெங்களூரில் இந்தக் கணக்கு இன்னும் அவசியம். இந்த நகரத்தின் சாலை, வரி, மழை, நிறுத்துமிடம் எல்லாமே தேர்வைத் தீர்மானிக்கின்றன.

முதலில் சாலை. டாம்டாம் நிறுவனம் 2022ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட போக்குவரத்துக் குறியீட்டில், பெங்களூரின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 29 நிமிடம் 10 நொடி ஆனது. அந்தப் பட்டியலில் லண்டனுக்கு அடுத்தபடியாக உலகிலேயே மெதுவாக நகர்ந்த நகரம் பெங்களூர்தான். கணக்கிட்டால் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகம். சில்க் போர்டு சந்திப்பிலும், கே.ஆர்.புரம் டின் ஃபேக்டரி அருகிலும், ஹெப்பாள் மேம்பாலத்திலும் மாலை நேரத்தில் அதுவும் கிடைக்காது. இப்படிப்பட்ட ஓட்டத்தில் காரின் உச்ச வேகத்துக்கு மதிப்பில்லை. குறைந்த வேகத்தில் என்ஜின் திணறாமல் இழுக்கிறதா, நின்று நின்று போகும்போது ஏ.சி. குளிர்கிறதா, கிளட்ச் மிதி லேசாக இருக்கிறதா, நான்கு புறமும் தெளிவாகத் தெரிகிறதா என்பவைதான் அன்றாடம் உழைக்கும் குணங்கள். விளம்பரத்தில் வரும் மைலேஜ் சோதனைக்கூடத்தில் அளந்தது. நகர நெரிசலில் அது கணிசமாகக் குறையும். அதே மாடலை இதே நகரில் ஓட்டுபவரிடம் கேட்டுப் பெறும் எண்ணே பயனுள்ளது.

நகரத்தின் உயரமும் ஒரு காரணி. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. அதனால் டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின், சென்னையில் தரும் சக்தியைவிட ஏறக்குறைய 8 அல்லது 9 சதவீதம் குறைவாகத் தரும். டர்போ என்ஜின் காற்றை அழுத்தி உள்ளே செலுத்துவதால் இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். நகருக்குள் மட்டும் ஓடும் சிறிய காருக்கு இது பொருட்டல்ல. ஐந்து பேரும் சாமான்களுமாகச் சக்லேஷ்பூர், சிக்கமகளூர் மலைப்பாதைகளில் ஏறும்போது வித்தியாசம் தெரியும்.

அடுத்தது ஊர்ப் பயணம். பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு ஒசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் வழியாகவோ, ஆம்பூர், வேலூர் வழியாகச் சென்னைக்கோ ஆண்டில் சில முறை போகவேண்டியிருக்கும். அங்கே வேகம் மணிக்கு 80, 100 என்று மாறுகிறது. தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே உள்ள தொப்பூர்க் கணவாய் போன்ற இறக்கங்களில் பிரேக்கும் நிலைத்தன்மையும் உயிர் காக்கும் விஷயங்கள். ஆனால், ஆண்டுக்கு நான்கு முறை ஏழு பேர் போகிறார்கள் என்பதற்காக மற்ற நாட்களெல்லாம் ஏழு இருக்கைக் காரை நெரிசலில் ஓட்டுவது வீண்செலவு. அந்த நான்கு பயணங்களுக்கு வாடகை வண்டி எடுப்பதே மலிவு. பெற்றோரும் பிள்ளைகளுமாக ஆறேழு பேர் வாரந்தோறும் சேர்ந்து போகும் வீட்டுக்குத்தான் பெரிய வண்டி பொருந்தும்.

காரின் அளவை முடிவு செய்வது வீட்டு வாசல். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் போன்ற பழைய பகுதிகளில் தெருக்கள் குறுகல். அடுக்குமாடி வீடுகளிலும் தூண்களுக்கு நடுவே ஒதுக்கப்பட்ட இடம் அளவானது. கார் பார்க்கப் போவதற்கு முன் நிறுத்துமிடத்தின் நீளம், அகலத்தோடு, கதவைத் திறந்து இறங்கத் தேவையான இடத்தையும் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். இந்தியச் சந்தையில் 4 மீட்டருக்குள் அடங்கும் கார்கள் இத்தனை இருப்பதற்குக் காரணம் வரிக்கொள்கை. 2006 முதல் சிறிய கார்களுக்கு மத்திய அரசு வரிச்சலுகை தந்து வருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டர் நீளத்துக்கும் 1200 சி.சி.க்கும் மிகாத பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். டீசலில் இந்த வரம்பு 1500 சி.சி. இவற்றைத் தாண்டிய கார்களுக்கு 40 சதவீதம். மின்சாரக் கார்களுக்கு 5 சதவீதம்.

விலையைப் பார்க்கும்போது எக்ஸ்-ஷோரூம் விலையைக் கொண்டு முடிவெடுக்கக் கூடாது. கையிலிருந்து போவது ஆன்-ரோடு விலை. கர்நாடகத்தின் ஆயுட்கால சாலை வரி நாட்டிலேயே அதிகமானவற்றில் ஒன்று. பெட்ரோல், டீசல் கார்களுக்கு, 5 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சம் வரை 14, 20 லட்சம் வரை 17, அதற்கு மேல் 18 சதவீதம் என்பது நீண்டகாலமாக இருந்துவரும் விகிதம். அந்த வரியின்மேல் 11 சதவீதம் செஸ் உண்டு. 9 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய்க் காருக்கு வரியும் செஸ்ஸும் சேர்ந்து ஏறத்தாழ 1 லட்சத்து 54 ஆயிரம். 10 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய்க் காருக்கு ஏறத்தாழ 1 லட்சத்து 91 ஆயிரம். விலையில் 20 ஆயிரம்தான் கூடியது, வரியில் சுமார் 37 ஆயிரம் கூடிவிடுகிறது. 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் வருமான வரி முன்பிடித்தமும் சேரும். அதைப் பின்னர் வருமான வரிக் கணக்கில் ஈடுகட்டலாம். ஆகவே 10 லட்சம், 20 லட்சம் எல்லைக்கு அருகில் இருக்கும் ஒரு கூடுதல் வசதி, அதன் விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் செலவு வைக்கக்கூடும்.

எங்கே பதிவு செய்வது என்பதும் பலருக்கு எழும் கேள்வி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி, வேறு மாநிலப் பதிவுள்ள வண்டி ஒரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் தங்கினால் புதிய பதிவு எண் பெறவேண்டும். வேலை நிமித்தம் அடிக்கடி மாநிலம் மாறுபவர்களுக்காக 2021இல் பி.எச். வரிசை எண்கள் வந்தன. அரசு ஊழியர்களும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களும் அதற்குத் தகுதி உடையவர்கள். அதில் சாலை வரியை இரண்டிரண்டு ஆண்டுகளுக்குக் கட்டலாம். பெங்களூரிலேயே பத்தாண்டு இருக்கப் போகிறவர் இங்கேயே பதிவு செய்வதுதான் சிக்கலற்ற வழி.

எரிபொருளை முடிவு செய்வது மாத ஓட்டம். மாதம் 1000 கிலோமீட்டர், நகரத்துக்குள் என்றால் பெட்ரோல் கார் பொதுவாகப் போதுமானது. டீசல் கார் நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு உகந்தது. 2020 ஏப்ரல் 1இல் பி.எஸ்.6 விதிகள் வந்தபின், டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரித்துச் சுத்தமாக, அது சிறிது நேரம் சீரான வேகத்தில் ஓடிச் சூடேற வேண்டும். தினமும் ஐந்து கிலோமீட்டர் நெரிசலில் மட்டும் ஓடும் டீசல் காரில் அந்த வடிகட்டி அடைத்துக்கொள்ளும், சரிசெய்யும் செலவும் அதிகம். சி.என்.ஜி. கார் கிலோமீட்டருக்கு ஆகும் செலவைக் குறைக்கும். ஆனால் சிலிண்டர் டிக்கியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், வாயு நிரப்பும் பங்குகளில் காத்திருக்கவும் நேரிடும். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே சி.என்.ஜி. பங்கு இருக்கிறதா என்று பார்த்தபிறகே இறங்கலாம்.

மின்சாரக் கார் பெங்களூருக்குப் புதிதல்ல. இங்கே தொடங்கிய ரேவா நிறுவனம் 2001இலேயே இரண்டு கதவுச் சிறிய மின்சாரக் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது லண்டன் தெருக்களில் ஜி-விஸ் என்ற பெயரில் ஓடியது. 2010இல் அந்த நிறுவனத்தை மகிந்திரா வாங்கியது. இன்றைய மின்சாரக் கார்கள் ஒரு யூனிட் மின்சாரத்தில் சுமார் 6 முதல் 8 கிலோமீட்டர் ஓடுகின்றன. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு 800 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே 80,000 ரூபாய். மின்சாரக் காருக்கு ஏறத்தாழ 1,700 யூனிட் போதும். யூனிட் 7 ரூபாய் என்றால் 12,000 ரூபாய் ஆகும். நெரிசலில் நிற்கும்போது மின்சாரக் காரின் மோட்டார் வீணாக ஓடுவதும் இல்லை. ஆனால் இந்த லாபம் வீட்டிலேயே சார்ஜ் ஏற்ற வசதி உள்ளவருக்கு மட்டுமே முழுமையாகக் கிடைக்கும். அடுக்குமாடியில் இருப்பவர் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதியையும், தன் மீட்டரிலிருந்து நிறுத்துமிடம் வரை வயர் இழுக்கும் வழியையும் முன்பணம் கட்டுவதற்கு முன் உறுதி செய்துகொள்ள வேண்டும். கர்நாடகம் 2016இல் மின்சார வாகனங்களுக்குச் சாலை வரி விலக்கு அளித்தது. 2024இல் 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்சாரக் கார்களுக்கு 10 சதவீதம் விதித்தது. வரி விகிதங்கள் திருத்தத்துக்கு உட்பட்டவை. பதிவு செய்யும் நாளில் நடப்பில் உள்ள விகிதத்தைப் போக்குவரத்துத் துறையிடம் கேட்டறிவது நல்லது.

நின்று நின்று நகரும் சாலையில் ஆட்டோமேட்டிக் கியரை ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது. முழங்கால் வலி உள்ளவருக்கு அது தேவை. அதில் வகைகள் உண்டு. ஏ.எம்.டி. விலை குறைவு, கியர் மாறும்போது சிறு தலையாட்டம் இருக்கும். சி.வி.டி. வழுக்கிக்கொண்டு போவதுபோல் மென்மையானது. டார்க் கன்வர்ட்டர் வகை உறுதிக்குப் பேர்போனது, எரிபொருள் சற்றுக் கூடுதலாகக் குடிக்கலாம். இரட்டைக் கிளட்ச் வகை நெடுஞ்சாலையில் விரைவானது. அதில் உலர் கிளட்ச் உள்ளவை நீண்ட நெரிசலில் சூடேறக்கூடும்.

பாதுகாப்பில் மட்டும் பேரம் பேசக் கூடாது. 2023 அக்டோபர் 1 முதல் பாரத் என்கேப் என்ற மோதல் சோதனை முறை நம் நாட்டிலேயே நடைமுறைக்கு வந்தது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் காரின் முன்பக்கத்தை ஒருபுறமாக மோதவிட்டும், பக்கவாட்டில் மோதியும் பார்க்கிறார்கள். பெரியவர்களுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று என இரண்டு நட்சத்திர மதிப்பீடுகள் தருகிறார்கள். இரண்டையும் பார்க்கவேண்டும். சூரியக்கூரை, பெரிய திரை, அலங்காரச் சக்கரம் ஆகியவற்றுக்குக் கொடுக்கும் பணத்தை முதலில் ஆறு ஏர்பேக், நிலைத்தன்மைக் கட்டுப்பாடு, குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி ஆகியவற்றுக்கு ஒதுக்குவதே முறை. பின்னிருக்கையில் மூன்று பேருக்கும் தோள்வரை வரும் பெல்ட் இருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். பின்னால் அமர்பவரும் பெல்ட் அணிவது சட்டப்படி கட்டாயம். ஐந்து நட்சத்திரம் பெற்ற காரும் பெல்ட் போடாதவரைக் காப்பாற்றாது.

மழையும் கணக்கில் சேரும். 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலையும் பெல்லந்தூர், யமலூர் பகுதிகளும் மூழ்கியபோது, அடித்தள நிறுத்துமிடங்களில் நின்ற கார்களும் தண்ணீருக்குள் போயின. தரையிலிருந்து உயரம் கூடுதலான கார் பள்ளத்துக்கும் வேகத்தடைக்கும் உதவும். ஆனால் ஆழம் தெரியாத தண்ணீரில் எந்தக் காரையும் இறக்கக் கூடாது. என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து ஏற்படும் சேதம் சாதாரணக் காப்பீட்டில் பெரும்பாலும் அடங்காது. அதற்கு என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைச் சேர்க்க வேண்டும். 2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். காப்பீட்டை ஷோரூமிலேயே எடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை. வெளியே இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டுப் பார்க்கலாம்.

இத்தனைக்கும் பிறகு இரண்டு அல்லது மூன்று மாடல்கள்தான் மிஞ்சும். அப்போதுதான் டெஸ்ட் டிரைவ். ஷோரூமைச் சுற்றி ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பது போதாது. அன்றாடம் போகும் பாதையில், மாலை நெரிசலில், வீட்டு நிறுத்துமிடத்தின் சரிவில் ஏற்றிப் பார்க்க வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் சிரமமின்றி ஏறி இறங்குகிறார்களா என்பதையும் அன்றே பார்த்துவிடலாம். சர்வீஸ் நிலையம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதும் முடிவில் ஒரு பங்கு வகிக்கும்.

பழைய கார் வாங்குபவர், பதிவுச் சான்றிலுள்ள சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். வங்கிக் கடன் முடிந்திருந்தால் அதற்கான படிவம் 35, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30, வேறு மாநில வண்டியானால் படிவம் 28 என்னும் தடையில்லாச் சான்று ஆகியவை வேண்டும். நிலுவையிலுள்ள போக்குவரத்து அபராதத்தையும் பணம் கொடுக்கும் முன் சரிபார்த்து, விற்பவரைக் கட்டச் சொல்வது நல்லது.

புதிய காரானால், பதிவுக்கு அனுப்பும் முன்பே பகல் வெளிச்சத்தில் வண்டியைப் பார்வையிட வேண்டும். தயாரித்த மாதமும் ஆண்டும் விற்பனைச் சான்றான படிவம் 21இல் இருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். பெயின்ட், கண்ணாடி, மாற்றுச் சக்கரம், இரண்டு சாவிகள் எல்லாம் சரியாக இருந்தால் பதிவுக்குச் சம்மதிக்கலாம். ஏதேனும் குறை தெரிந்தால் வேறு வண்டி கேட்க அதுவே தக்க தருணம். பதிவு எண் விழுந்தபின் அந்த வண்டி வாங்கியவருடையதாகிவிடும், பிறகு மாற்றுவது மிகக் கடினம்.