தரைக்கு அடியிலிருந்து ஒரு வாடை



பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்கு மண்ணுக்குள் கெட்ட காற்று உண்டு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தூர் வாரக் கிணற்றில் இறங்கும் முன் நம் பெரியவர்கள் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் இறங்க மாட்டார்கள். வீட்டுத் தரை வழியாக ஏறி வரும் ரசாயன ஆவிக்கு விளக்குகூட அணையாது.

சில வருடம் முன்பு பெரம்பலூரில் ஒரு வீடு கட்டிக் கொடுத்தேன். மனை, பழைய பெட்ரோல் பங்க் இருந்த இடம். டேங்கை எடுத்துக் குழியை மூடியிருந்தார்கள். மண்ணை யாரும் சோதிக்கவில்லை, நானும்தான். குடிபோன மாதமே அந்த அம்மா, "தம்பி, காலையில கதவத் தொறந்தா ஒரு வாடை வருது"ன்னாங்க. "பெயிண்ட் வாடைம்மா, போயிடும்" என்றேன். போகவில்லை. பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீரிலும் அதே வாடை என்றபோதுதான் எனக்கு உறைத்தது.

பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. ரத்தப் புற்றுநோய் தரக்கூடியது. மண்ணில் ஊறியது ஆவியாகி மேலே வரும். வீட்டுக்குள் காற்றழுத்தம் லேசாகக் குறைந்தால் போதும், தரை விரிசலும் குழாய் நுழையும் ஓட்டையும் அதை உறிஞ்சி இழுக்கும். எக்ஸாஸ்ட் ஃபேனே அந்த வேலையைச் செய்துவிடும்.

அமெரிக்காவில் நயாகரா அருகே லவ் கெனாலில் ஹூக்கர் கம்பெனி சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்து, 1953-ல் நிலத்தை ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்திடம் கொடுத்தது. பள்ளியும் வீடுகளும் எழுந்தன. 1978-ல் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. நம் கொடைக்கானலில் 2001-ல் மூடிய தெர்மாமீட்டர் தொழிற்சாலை மண்ணில் கலந்த பாதரசமும் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும் சரக்குதான்.

வழி இருக்கிறது. தரைக்குக் கீழே ஜல்லி, அதில் துளையிட்ட பி.வி.சி. குழாய், மேலே தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, அப்புறம் கான்கிரீட். குழாயை மொட்டை மாடிக்கு மேல் கொண்டுபோய் ஒரு ஃபேன், தீப்பொறி வராத மோட்டாராகப் பார்த்து. கட்டும்போதே செய்தால் செலவு குறைவு. நான் தரையை உடைத்து, என் கைக்காசில் செய்தேன். தெருவில் எல்லோரும் அதை செப்டிக் டேங்க் குழாய் என்கிறார்கள்!

இப்போது அரியலூர் சாலையில் லாரி ஒர்க்‌ஷாப் இருந்த இடமும் மனையாகிறது. வில்லங்கச் சான்றில் கடன் தெரியும், ஊறிய எண்ணெய் தெரியாது. பக்கத்து டீக்கடைப் பெரியவரைக் கேட்டால் சொல்வார்.

அந்த அம்மா இப்போது வாடையில்லை என்கிறார்கள். வாடை இல்லாமலும் ஆவி இருக்கலாம். அதனால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மாடியில் ஃபேன் சுற்றுகிறதா என்று நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.