பழங்களின் குலமும் கன்றுகளின் குணமும்

(அரக்கோணத்தில் கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)

 

மாடு வாங்கச் சந்தைக்குப் போகும் குடியானவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், தாய்ப்பசு எவ்வளவு கறந்தது என்றும் விசாரிக்கிறார். பழக்கன்று வாங்கப் போகிறவரோ பெயரை மாத்திரம் கேட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார். மாட்டின் குறை மறுநாளே தெரிந்துவிடும். கன்றின் குறை தெரிய நான்கைந்து ஆண்டுகள் செல்லும். அதற்குள் நிலமும் நீரும் உழைப்பும் வாங்கிய கடனும் அதில் முடங்கிவிடும். ஆகையால் எலுமிச்சைக் குலத்து மரங்களின் வமிசாவளியைக் குறித்து இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். எடுத்துக்காட்டாகக் கிரேப்புரூட் என்னும் சீமைப் பழத்தை வைத்துக்கொள்வோம்.

இக்குலத்தில் பெயரால் விளையும் குழப்பம் மிகுதி. ஓரூரில் நாரத்தை எனப்படுவது வேறோர் ஊரில் கடாரங்காய் எனப்படுகிறது. கிச்சிலி என்ற சொல் சிலருக்குப் புளிப்புப் பழத்தையும், சிலருக்குத் தித்திப்புப் பழத்தையும் குறிக்கிறது. இது நம்மவர் குறை மட்டுமன்று. ஸ்வீடன் தேசத்துத் தாவர சாஸ்திரி லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் இக்குலம் முழுவதையும் இரண்டே இனங்களில் அடக்கினார். இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க அறிஞர் ஸ்விங்கிள் 16 இனங்கள் என்றார். ஜப்பானிய அறிஞர் தனாக்காவோ 150-க்கு மேற்பட்ட இனங்கள் என்றார். கற்றறிந்தவர்களே இவ்வாறு மாறுபட்டதற்குக் காரணம், இம்மரங்கள் தம்முள் எளிதில் கலந்துவிடும் இயல்புடையவை என்பதே.

பிற்காலத்தில் மரங்களின் பரம்பரைப் பொருளையே நுணுகி ஆராயும் முறை தோன்றியது. 2018-இல் வெளியான விரிவான ஆராய்ச்சியின்படி, இக்குலத்தின் பிறப்பிடம் இமயமலையின் தென்கிழக்குச் சாரல். அதாவது அஸ்ஸாமின் கிழக்குப் பகுதி, வட பர்மா, சீனத்தின் யுன்னான் மேற்குப் பகுதி ஆகியவை. நாம் உண்ணும் பழங்களுட் பெரும்பாலானவற்றிற்கு மூதாதையர் மூவர்: பம்ப்ளிமாஸ், கமலா வகை, கடாரங்காய் வகை. கமலாவும் பம்ப்ளிமாஸும் கலந்ததால் தித்திப்பு ஆரஞ்சு உண்டாயிற்று. நம் சாத்துக்குடி இவ்வகையைச் சேர்ந்ததே. புளிப்புக் கிச்சிலியும் அவ்விரண்டின் கலப்பே. ஆனால் தனியே நிகழ்ந்த வேறொரு கலப்பு. அக்கிச்சிலி கடாரங்காயுடன் சேர்ந்ததால் சீமை எலுமிச்சை பிறந்தது. நாம் ஊறுகாய் போடும் நாட்டு எலுமிச்சைக்கு ஒருபுறம் கடாரங்காயும், மற்றொருபுறம் பிலிப்பைன்ஸ் தீவுகளின் காட்டு இனம் ஒன்றும் பெற்றோர்.

இனிக் கிரேப்புரூட்டின் கதைக்கு வருவோம். பம்ப்ளிமாஸ் என்ற சொல்லே டச்சுக்காரருடைய பாஷையிலிருந்து வந்தது. கீழ்த்திசைத் தீவுகளுக்குரிய அப்பழம் ஐரோப்பியர் கப்பல்களின் வழியே மேற்கிந்தியத் தீவுகளை அடைந்தது. தித்திப்பு ஆரஞ்சும் அங்கே கொண்டுசெல்லப்பட்டது. இரண்டும் அருகருகே வளர்ந்த இடத்தில், எவரும் திட்டமிடாமலே, ஒன்றின் மகரந்தம் மற்றதன் பூவிற் சேர்ந்து புதியதொரு மரம் உண்டாயிற்று. பார்படாஸ் தீவைப் பற்றி 1750-இல் நூல் எழுதிய கிரிபித் ஹியூஸ் என்னும் பாதிரியார், விலக்கப்பட்ட கனி என்ற பெயருடன் ஒரு பழத்தை வருணித்துள்ளார். 1814-இல் ஜமைக்காவின் தாவரங்களைப் பற்றி எழுதிய ஜான் லூனன் என்பவர் கிரேப்புரூட் என்ற பெயரை வழங்கினார். திராட்சை போலக் காய்கள் கொத்தாகத் தொங்குவதே இப்பெயருக்குக் காரணம் என்பர். 1830-இல் மாக்பேடியன் என்பவர் இதனைத் தனி இனமாகவே கருதிப் பெயர் சூட்டினார். இது தனி இனமன்று, பம்ப்ளிமாஸுக்கும் தித்திப்பு ஆரஞ்சுக்கும் பிறந்த கலப்பே என்பது பின்னர் உறுதியாயிற்று. தித்திப்பு ஆரஞ்சின் முன்னோரிலும் பம்ப்ளிமாஸ் இருத்தலால், கிரேப்புரூட்டுக்குப் பம்ப்ளிமாஸ் தாயும் ஆகிறது, பாட்டியும் ஆகிறது. அதன் கசப்பும் பருமனும் எங்கிருந்து வந்தன என்பது இதனால் விளங்கும்.

இக்கதையில் நம் பக்கத்துக்கும் பங்குண்டு. பேரணாம்பட்டை அடுத்த சாத்கர் ஆற்காட்டு நவாபுகளின் காலத்தில் கிச்சிலித் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற ஊர். சாத்துக்குடி என்னும் பெயர் அவ்வூர்ப் பெயரிலிருந்தே வந்தது என்று சொல்வாரும் உளர். பிற்காலத்தில் அப்பயிர் கடப்பை ஜில்லாவின் கோடூர்ப் பக்கத்தில் பெருகிற்று. அரக்கோணத்தினின்று ரேணிகுண்டா வழியே வடமேற்கே செல்லும் ரயில் பாதை கோடூரைத் தொட்டே செல்கிறது.

குலம் அறிவதால் குடியானவருக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். நான்கு லாபங்களைச் சொல்வேன்.

முதலாவது, விதை. நாட்டு எலுமிச்சை, சாத்துக்குடி, கிரேப்புரூட் ஆகியவற்றின் ஒரே விதையிலிருந்து பல முளைகள் கிளம்பக் காண்கிறோம். அவற்றுட் பெரும்பாலானவை மகரந்தக் கலப்பின்றித் தாயின் உடலிலிருந்தே தோன்றுவன. ஆதலின் தாயை ஒத்திருக்கும். எலுமிச்சையை விதை போட்டு வளர்க்கும் நம் வழக்கம் இதனாலேயே பழுதாவதில்லை. பம்ப்ளிமாஸும் கடாரங்காயும் அப்படியல்ல. அவற்றின் விதையில் ஒரு முளையே உண்டு. அது கலப்பினாற் பிறந்தது. நல்ல பம்ப்ளிமாஸின் விதையை ஊன்றினால் நல்ல பழமே வரும் என்பதற்கு உறுதியில்லை. அதனைப் பதியன் அல்லது ஒட்டு மூலமாகவே பெருக்க வேண்டும்.

இரண்டாவது, ஒட்டுக்கட்டை. ஒட்டுக்கன்றின் மேற்பாகம் ஒரு குலம், வேர்ப்பாகம் மற்றொரு குலம். தென் அமெரிக்காவில் புளிப்புக் கிச்சிலிக் கட்டையில் தித்திப்பு ஆரஞ்சை ஒட்டி வளர்த்தார்கள். அக்கட்டை வேரழுகலைத் தாங்கவல்லது. ஆனால் 1930-க்குப் பின் அசுவினிப் பூச்சியினாற் பரவும் திரிஸ்டேசா என்ற நோய் வந்தபோது, அர்ஜென்டீனாவிலும் பிரேஸிலிலும் பல லட்சம் மரங்கள் பட்டுப்போயின. மேல்மரமும் கட்டையும் தனித்தனியே குற்றமற்றவை. இரண்டும் சேர்ந்த சேர்க்கையே அந்நோய்க்கு இடங்கொடுத்தது. பின்னர் பிரேஸில் குடியானவர்கள் பெரிதும் கைக்கொண்ட கட்டை ரங்பூர் எலுமிச்சை. அது வங்கத்தின் ரங்பூர்ப் பெயரைத் தாங்கியது. கடாரங்காயும் கமலாவும் கலந்து பிறந்தது. சாத்துக்குடிக்கு ஆந்திரத்திலும் இக்கட்டையே சிபாரிசு செய்யப்படுகிறது. ஆகவே கன்று வாங்குமிடத்தில், என்ன பழம் என்று மட்டும் கேளாமல், என்ன கட்டை என்றும் கேளுங்கள்.

மூன்றாவது, கிணற்று நீர். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கங்களில் தோல் பதனிடும் சாலைகளின் கழிவினால் பாலாற்றுப் படுகைக் கிணறுகள் பல உப்பேறின. இதுபற்றி 1996-இல் சுப்ரீம் கோர்ட்டார் அளித்த தீர்ப்பை நீங்கள் அறிவீர்கள். எலுமிச்சைக் குலம் உப்பை வெறுப்பது. கட்டைகளுக்குள் ரங்பூர் எலுமிச்சை ஓரளவு உப்பைத் தாங்கும். ஜம்பேரி அவ்வளவு தாங்காது. எனினும் மிகுந்த உப்பு நீருக்கு எந்தக் கட்டையும் மருந்தாகாது. குழி தோண்டுவதற்கு முன் நீரையும் மண்ணையும் பரிசோதித்துவிடுவதே விவேகம்.

நான்காவது, உடம்பு. சில மருந்துகளைக் குடலின் சுவரிலுள்ள ஒரு பொருள் ஓரளவு அழித்தபிறகே மிகுதி இரத்தத்திற் சேருகிறது. வைத்தியர் அதனைக் கணக்கிட்டே அளவு சொல்கிறார். கிரேப்புரூட்டிலுள்ள சில சத்துக்கள் அந்தக் காவலை முடக்கிவிடுவதால், மருந்து அளவுக்கு மீறி இரத்தத்தில் ஏறுகிறது. 1989-இல் கனடா தேசத்து ஆராய்ச்சியாளர்கள் இரத்தக் கொதிப்புக்கான ஃபெலோடிபின் மருந்தில் இதனைத் தற்செயலாகக் கண்டனர். கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின் போன்றவற்றுக்கும் இது பொருந்தும். இக்குணம் பம்ப்ளிமாஸின் வழிவந்தது. ஆகவே பம்ப்ளிமாஸ் தின்பவருக்கும் இவ்வெச்சரிக்கை உண்டு. சாத்துக்குடிக்கும் கமலாவுக்கும் இத்தோஷம் இல்லை. வீட்டில் இத்தகைய மாத்திரை உண்ணும் பெரியோர் இருப்பின், வைத்தியரைக் கேட்டே இப்பழங்களைக் கொடுங்கள்.

கடைசியாக, சங்கத்தின் கடமையைச் சொல்லி முடிக்கிறேன்.

1. கன்று வேண்டுவோர் தனித்தனியே அலையாமல், சங்கத்தின் மூலமாகச் சேர்ந்து வாங்குக.

2. தாய்மரத்தை நேரிற் பார்த்து, பழத்தைச் சுவைத்து, கட்டையின் பெயரை ரசீதில் எழுதி வாங்குக.

3. ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிர்களைக் கவனிக்குக. இலைக்காம்பின் இருபுறமும் அகன்ற சிறகு இருந்தால் அது பம்ப்ளிமாஸ் அல்லது புளிப்புக் கிச்சிலியின் சம்பந்தத்தைக் காட்டும். சிறகே இல்லையெனில் கடாரங்காய் வழியாக இருக்கலாம். பார்த்த பிறகு அத்துளிர்களைக் கிள்ளி எறிக.

4. விற்குமிடம் நிச்சயமாகாமல் கிரேப்புரூட் போன்ற புதுப்பழத்தில் சங்கப் பணத்தை இடவேண்டாம். கசப்புப் பழத்துக்கு நம் சந்தையில் கிராக்கி குறைவு.

5. எந்தத் தாயிடமிருந்து, எந்தக் கட்டையில், எந்த ஆண்டில் வைத்தது என்பதைச் சங்கத்தில் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்குக. ஒரு தோட்டத்தில் நோய் கண்டால், அதே கன்றை வைத்த மற்றவர்களை உடனே எச்சரிக்க அது உதவும்.

தனியொருவர் கன்றின் குலத்தைக் கேட்டால் விற்பவர் சிரித்து மழுப்பக்கூடும். ஐம்பது பேர் ஒரு சங்கமாக நின்று கேட்டால் அவர் பதில் சொல்லியே தீரவேண்டும். நீங்கள் அவ்வாறு ஒன்றாக நின்று கேட்பீர்கள் என்ற நம்பிக்கையுடன் என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.