மறுபடி உடைத்த கணுக்கால்

கணுக்கால் வலி வந்தவர்களுக்குத் தெரியும். காலையில் கட்டிலை விட்டு இறங்கி, முதல் அடி வைப்பதற்குள் கண்ணில் நீர் முட்டிவிடும்.

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கிராண்ட் ஹில், 2000-ஆம் ஆண்டில் இடது கணுக்கால் வலியோடு முக்கியமான ஆட்டங்களில் ஆடினார். சுளுக்குத்தானே என்று பொறுத்துக்கொண்டார். கடைசியில் பார்த்தால் எலும்பே முறிந்திருந்தது. நாமும் இதைத்தானே செய்கிறோம்? எண்ணெய் போட்டு நீவிவிட்டு, மறுநாளே வேலைக்குக் கிளம்பிவிடுகிறோம்!

அறுவை சிகிச்சை ஒன்றல்ல, அடுத்தடுத்து நடந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்ச நாள் ஆடுவார், மறுபடி வலி. 2003-இல் மருத்துவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். எலும்பை மறுபடி உடைத்து, கோணத்தைச் சரிசெய்து சேர்ப்பது என்று. அதுவும் முடிந்தது. ஐந்தாம் நாள் 104 டிகிரிக்கு மேல் காய்ச்சல், உடம்பெல்லாம் வலிப்பு. காயத்தில் கிருமித் தொற்று. கையிலிருந்து தோலை எடுத்துக் கணுக்காலில் ஒட்டினார்கள். ரத்தக்குழாய் வழியாக ஆறு மாதம் மருந்து ஏறியது. அடுத்த ஒரு பருவம் முழுக்க அவர் பந்தைத் தொடவே இல்லை. அந்த ஓராண்டை நினைத்தால்தான் எனக்கு மனசு கனக்கிறது. ஓடியே பழகிய கால், அசையாமல் கிடப்பது லேசான காரியமா?

2004-இல் திரும்பி வந்தார். அந்தப் பருவத்தில் 67 ஆட்டங்கள் ஆடினார். 2013-இல் ஓய்வு பெறும்போது அவருக்கு வயது 40.