அனைவர்க்கும் ஒரே தோசை
(தொம்மலூர் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பாலும் முட்டையும் சேராத அடையொன்றை வீட்டார் அனைவர்க்கும் எளிதிற் செய்வது எங்ஙனம் என்பதே எனக்கு அளிக்கப்பெற்ற பொருள். இதனை 'வீகன்' உணவு என்று இக்காலத்தார் புதுமையாகக் கூறுவர். தமிழர்க்கோ இது பழைய வழக்கம். மதுரைக்காஞ்சி காட்டும் கூடல் நகரத்து இரவில் மெல்லடை விற்போர் இடம்பெறுகின்றனர். நாம் வாழும் கன்னட நாட்டில், 12ஆம் நூற்றாண்டிற் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசமும் தோசையினத்து உணவைக் குறிக்கின்றது. ஆதலின் தோசை இரு நாட்டார்க்கும் பொதுச்செல்வம். தமிழ்க் கல்வெட்டுகள் விளங்கும் சொக்கப்பெருமாள் கோயிலையுடைய இத்தொம்மலூரைப் போல!

மேனாட்டார் அப்பத்தில் மாவைப் பிணைப்பது முட்டை. நம் தோசையில் அப்பணியை உளுந்து செய்கின்றது; புளிப்பினால் எழும் காற்றை அதன் பசைத்தன்மை பிடித்து நிறுத்துகின்றது. ஆயின், மார்கழிக் குளிரில் இவ்வூரில் மாவு விரைந்து புளிப்பதில்லை. அந்நாளிற் கைகொடுப்பது இம்மண்ணின் கேழ்வரகு.

கேழ்வரகு மாவு 2 கிண்ணம், அரிசி மாவு 1 கிண்ணம், ரவை அரைக் கிண்ணம், அளவாக உப்பு. இவற்றை மோர்போல் தளரக் கரைத்து 20 நிமிடம் ஊறவிடுக. வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, சீரகம் சேர்க்க. கல் நன்கு காய்ந்தபின் ஓரத்திலிருந்து நடுநோக்கி ஊற்றுக. கரண்டியால் தேய்த்தல் ஆகாது. நல்லெண்ணெய் விட்டு, ஓரம் தானே எழும்பும்வரை பொறுத்துத் திருப்புக. சிறுவர்க்கு வெங்காயம் நீக்கி, வெல்லமும் தேங்காய்த் துருவலும் கூட்டிச் சற்றுக் கெட்டியாகக் கரைத்துச் சிற்றடையாக வார்க்கலாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. பால் ஒவ்வாத குழந்தைக்கு இது நல்ல துணை.

இறுதியாக ஒன்று. தோசை ஒவ்வொன்றாய் வார்க்கப்படுவது. பிறரெல்லாம் சுடச்சுட உண்டு எழ, வார்த்தவர் மட்டும் ஆறியதையும் கிழிந்ததையும் கடைசியில் உண்கின்றார். அவர் பெரும்பாலும் தாயே. 'வீட்டார் அனைவர்க்கும்' என்னுங்கால் அவரும் அதனுள் அடங்குவரன்றோ? இம்மாவுக்கு அரைத்தலும் வேண்டா, இரவெல்லாம் காத்திருத்தலும் வேண்டா. தந்தையும் வளர்ந்த மைந்தனும் ஒருநாளிற் கற்கலாம். ஞாயிறுதோறும் கரண்டி கைமாறட்டும். முதல் தோசை கிழிந்தால் வார்த்தவனே அதனை உண்ணட்டும். நன்றாய் வந்த இரண்டாவது, அன்னையின் தட்டுக்குச் செல்லட்டும்.